"நீங்கள் ஹிஸ்பானிக் இனக்குழுவினரா?": மருத்துவமனைப் படிவத்தின் கேள்வியும் புற்றுநோய்ப் பதிவகமும்

அமெரிக்காவில் மருத்துவமனையிலோ மருத்துவர் அலுவலகத்திலோ புதிதாகப் பதிவு செய்வோரிடம் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று: "நீங்கள் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ இனக்குழுவைச் சேர்ந்தவரா?" ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களுள் சிலருக்கு இக்கேள்வி அச்சத்தைத் தருகிறது. அத்தகைய பூர்வீகம் இல்லாதவர்களுக்கு, இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சென்று குடியேறிய குடும்பங்கள் உட்பட, இது தமக்கு உரிய கேள்வி அன்று எனத் தோன்றுகிறது. இரு சாராரிலும் பலர் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடுகின்றனர்.

நிரப்பாமல் விட்ட கட்டத்தைப் பின்னர் வேறு ஒருவர் நோயாளியின் பெயரைப் பார்த்தோ, பிறந்த நாட்டைப் பார்த்தோ நிரப்ப நேரலாம். அவ்வாறு ஊகித்து எழுதப்பட்ட பதிவுகள் ஒரு மக்கள் குழுவின் நோய்ச்சுமையைக் குறைத்தோ கூட்டியோ காட்டக்கூடும். இக்கேள்வி ஏன் கேட்கப்படுகிறது, பதில் எங்கே செல்கிறது, நோயாளியும் பராமரிப்பாளரும் என்ன செய்யலாம் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• இக்கேள்வி எல்லா நோயாளிகளுக்கும் உரியது. "இல்லை" என்பதும் பயனுள்ள பதிலே.

• உங்கள் இனக்குழுவைச் சொல்லத் தகுதியானவர் நீங்களே. பெயரையோ தோற்றத்தையோ உச்சரிப்பையோ கொண்டு பிறர் முடிவு செய்வது தவறாகப் போகலாம்.

• பதில் அளிப்பது உங்கள் விருப்பம். பதில் அளிக்காததால் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

• தவறான பதிவைத் திருத்தித் தருமாறு கோரும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஹிஸ்பானிக் என்ற சொல் யாரைக் குறிக்கிறது?

மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, மத்திய அமெரிக்க நாடுகள், தென் அமெரிக்க நாடுகள் ஆகியவற்றைப் பூர்வீகமாகக் கொண்டவர்களையும், வேறு ஸ்பானியப் பண்பாட்டைச் சேர்ந்தவர்களையும் ஹிஸ்பானிக் என்னும் சொல் குறிக்கிறது. லத்தீனோ, லத்தீனா என்ற சொற்களும் ஏறத்தாழ இதே பொருளில் வழங்குகின்றன. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 6 கோடியே 21 இலட்சம் பேர் தம்மை ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ எனக் குறிப்பிட்டனர். இது நாட்டின் மக்கள்தொகையில் 18.7 விழுக்காடாகும்.

இச்சொல் தோலின் நிறத்தைக் குறிப்பதன்று. ஹிஸ்பானிக் இனக்குழுவைச் சேர்ந்த ஒருவர் வெள்ளையராகவோ, கறுப்பினத்தவராகவோ, அமெரிக்கப் பழங்குடியினராகவோ, ஆசியராகவோ, ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களின் கலப்பில் வந்தவராகவோ இருக்கலாம். எனவே, நீண்ட காலமாகப் படிவங்களில் இனம் பற்றி ஒரு கேள்வியும் ஹிஸ்பானிக் பூர்வீகம் பற்றி மற்றொரு கேள்வியும் தனித்தனியே இடம்பெற்று வந்தன.

மொழியை மட்டும் வைத்தும் இதை முடிவு செய்ய இயலாது. ஸ்பானிய மொழி அறியாத ஹிஸ்பானிக் குடும்பங்கள் பல உள்ளன. போர்த்துக்கீசிய மொழி பேசும் பிரேசில் நாட்டவரைப் புற்றுநோய்ப் பதிவகங்களின் குறியீட்டு முறை ஹிஸ்பானிக் பிரிவில் சேர்ப்பதில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டவர் பலருக்கு ஸ்பானியக் குடும்பப் பெயர்கள் இருந்தாலும், அப்பெயரை மட்டும் கொண்டு அவர்கள் ஹிஸ்பானிக் எனக் கணக்கிடப்படுவதில்லை.

இக்கேள்வி எப்போது தோன்றியது?

1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸ்பானியப் பூர்வீகம் பற்றிய கேள்வி மக்களுள் ஒரு சிறு பகுதியினரிடம் மட்டுமே கேட்கப்பட்டது. 1976இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், ஸ்பானியப் பூர்வீகம் கொண்ட அமெரிக்கரின் நிலை பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டுமாறு அரசுத் துறைகளுக்குப் பணித்தது. அடுத்த ஆண்டு, 1977இல், கூட்டரசின் மேலாண்மை மற்றும் வரவுசெலவுத் திட்ட அலுவலகம் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான வரையறையை வெளியிட்டது. 1980 கணக்கெடுப்பில் இக்கேள்வி அனைவரிடமும் கேட்கப்பட்டது.

அந்த வரையறை 1997இல் திருத்தப்பட்டது. 2024 மார்ச் மாதம் மீண்டும் திருத்தப்பட்டபோது, இனத்தையும் இனக்குழுவையும் ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும் என முடிவு செய்யப்பட்டது. இப்புதிய முறையில் "ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ" என்பது மற்ற பிரிவுகளோடு ஒரே வரிசையில் இடம்பெறும். ஒருவர் தமக்குப் பொருந்தும் எல்லாப் பிரிவுகளையும் குறிக்கலாம். மாற்றம் படிப்படியாக நடைபெறுவதால், ஓர் இடத்தில் இரு கேள்விகள் கொண்ட பழைய படிவத்தையும் மற்றோர் இடத்தில் ஒரே கேள்வி கொண்ட புதிய படிவத்தையும் நீங்கள் காணக்கூடும்.

புற்றுநோய்ப் பதிவகம் என்றால் என்ன?

ஒரு பகுதியில் வாழ்வோருக்குப் புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்கள் அனைத்தையும் தொகுத்து வைக்கும் அமைப்பே புற்றுநோய்ப் பதிவகம். நோய் தோன்றிய உறுப்பு, கண்டறியப்பட்ட நாள், அப்போது நோய் எந்த நிலையில் இருந்தது, முதலில் அளிக்கப்பட்ட சிகிச்சை, நோயாளியின் வயது, பால், இனம், இனக்குழு, வாழ்விடம், பிறந்த இடம் ஆகியவை அதில் பதிவாகின்றன. நோயாளி உயிருடன் இருக்கிறாரா என்பதும் தொடர்ந்து குறிக்கப்படுகிறது.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டத்தின் அடிப்படையில் இத்தகைய பதிவகம் இயங்குகிறது. தேசியப் புற்றுநோய் நிறுவனம் "சீர்" என்னும் திட்டத்தின் கீழ் 1973 முதல் தெரிவு செய்யப்பட்ட பகுதிகளின் தரவுகளைத் திரட்டி வருகிறது. 1992இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம், நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையங்களின் பொறுப்பில் தேசியப் புற்றுநோய்ப் பதிவகத் திட்டம் தொடங்கப்பட்டது. இவ்விரு திட்டங்களும் சேர்ந்து நாடு முழுவதையும் தழுவுகின்றன. எல்லாப் பதிவகங்களும் ஒரே முறையில் தரவுகளைக் குறிப்பதற்கான விதிகளை, மைய நோய்ப் பதிவகங்களின் வட அமெரிக்கக் கூட்டமைப்பு வகுத்துத் தருகிறது.

உங்கள் பதில் பதிவகத்தை எவ்வாறு சென்றடைகிறது?

1. நீங்கள் மருத்துவமனையில் பதிவு செய்யும்போது தரும் தகவல் உங்கள் மருத்துவப் பதிவேட்டில் சேர்கிறது.

2. புற்றுநோய் கண்டறியப்பட்ட பின், மருத்துவமனையில் பணிபுரியும் புற்றுநோய்ப் பதிவாளர் அந்தப் பதிவேட்டைப் படித்து, தேவையான விவரங்களைக் குறியீடுகளாக மாற்றுகிறார். ஹிஸ்பானிக் பூர்வீகத்துக்கு ஓர் எண் குறியீடு உண்டு. மெக்சிகன், புவேர்ட்டோ ரிக்கன், கியூபன், டொமினிக்கன் முதலிய ஒவ்வொரு பிரிவுக்கும் தனி எண் உள்ளது. "ஹிஸ்பானிக் அல்ல" என்பதற்கும் "தெரியவில்லை" என்பதற்கும் வெவ்வேறு எண்கள் உள்ளன.

3. அந்த விவரங்கள் மாநிலப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகின்றன. ஒரே நோயாளி இரண்டு மூன்று மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றிருந்தால், மாநிலப் பதிவகம் அவற்றை ஒப்பிட்டு ஒரே பதிவாக இணைக்கிறது.

4. பெயர், முகவரி போன்ற அடையாளங்கள் நீக்கப்பட்ட தரவுகள் தேசியத் திட்டங்களுக்குச் செல்கின்றன.

இவ்வழியில் பதிவாளர் நோயாளியைப் பொதுவாகச் சந்திப்பதில்லை. மருத்துவப் பதிவேட்டில் இருப்பதையே அவர் காண்கிறார். முதல் நாள் வரவேற்பு மேசையில் எழுதப்படாத தகவல் பின்னர் கிடைப்பது அரிது. மருத்துவமனைக்குச் செல்லாமல், திசு ஆய்வகத்தின் அறிக்கை வழியாக மட்டும் தெரியவரும் புற்றுநோய்களில் இத்தகவல் பல வேளைகளில் இருப்பதே இல்லை.

பதில் இல்லாதபோது என்ன செய்யப்படுகிறது?

"தெரியவில்லை" என்ற பதிவுகள் பெருகினால் கணக்கு பயனற்றுப் போகும். இதைத் தவிர்க்க, மேற்கண்ட கூட்டமைப்பு ஒரு கணிப்பு முறையை உருவாக்கியுள்ளது. மருத்துவப் பதிவேட்டில் ஹிஸ்பானிக் பூர்வீகம் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தால் இம்முறை அதை அப்படியே ஏற்கிறது. அவ்வாறு இல்லாதபோது, நோயாளி பிறந்த நாடு, குடும்பப் பெயர், பெண்களாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் ஆகியவற்றைப் பார்க்கிறது. ஒரு பெயரைக் கொண்டவர்களுள் 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் ஹிஸ்பானிக் என மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டினால், அப்பெயர் வலுவான சான்றாகக் கொள்ளப்படுகிறது.

"ஹிஸ்பானிக் அல்ல" என்ற பதிவையும் சில இடங்களில் இம்முறை மறுபடி சோதிக்கிறது. நோயாளியைக் கேட்காமலேயே அவ்வாறு குறிக்கப்பட்ட பதிவுகள் இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

இக்கணிப்பு முறை மக்கள் தொகுதியின் மொத்தக் கணக்கைச் சீராக்க உதவுகிறது. தனி ஒருவரின் பூர்வீகத்தை அதனால் உறுதியாகச் சொல்ல இயலாது. காரணங்கள் சில:

• திருமணத்தால் மாறும் பெயர். ஹிஸ்பானிக் குடும்பத்தில் பிறந்த பெண் ஒருவர், கணவரின் ஆங்கிலக் குடும்பப் பெயரை ஏற்றிருக்கலாம். திருமணத்துக்கு முந்தைய பெயர் பதிவேட்டில் இல்லையெனில் அவர் கணக்கில் விடுபடுவார். இதற்கு நேர்மாறாக, ஹிஸ்பானிக் குடும்பத்தில் மணம் புரிந்த பிற இனக்குழுப் பெண் தவறாகச் சேர்க்கப்படலாம்.

• இரண்டு குடும்பப் பெயர்கள். ஸ்பானிய மரபில் தந்தை வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் அடுத்தடுத்து வருகின்றன. அமெரிக்கப் படிவத்தில் ஒரு பெயருக்கு மட்டும் இடம் இருப்பதால், ஒரே நோயாளி வெவ்வேறு மருத்துவமனைகளில் வெவ்வேறு பெயரில் பதிவாவது உண்டு.

• ஸ்பானியப் பெயர் கொண்ட பிற மக்கள். பிலிப்பைன்ஸ் தீவுகளை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா 1849இல் பிறப்பித்த ஆணையால், அங்குள்ள குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு பட்டியலிலிருந்து பெயர்கள் வழங்கப்பட்டன. அப்பெயர்களுள் பல ஸ்பானியப் பெயர்கள். இதனால்தான் பிலிப்பைன்ஸ், போர்த்துக்கல், பிரேசில் ஆகிய நாடுகளில் பிறந்தவர்களைப் பெயரை மட்டும் வைத்து ஹிஸ்பானிக் எனக் கொள்ளாதவாறு கணிப்பு முறை அமைக்கப்பட்டுள்ளது.

தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கும் இது பொருந்தும். தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையின் மேற்குக் கரையிலும் பெர்னாண்டோ, ரொட்ரிகோ, பெரேரா, சில்வா போன்ற பெயர்கள் வழங்குகின்றன. இவை 16ஆம் நூற்றாண்டு முதல் அக்கரைகளுக்கு வந்த போர்த்துக்கீசியரின் தொடர்பால் வந்த பெயர்கள். அமெரிக்க மருத்துவமனை ஊழியர் ஒருவர் இப்பெயரைக் கண்டு நோயாளியை ஹிஸ்பானிக் என எண்ணக்கூடும். "இல்லை" என்ற கட்டத்தை நோயாளியே குறித்தால், ஊழியர் ஊகிக்க வேண்டிய தேவை எழாது.

பதிவுத் தவறு கணக்கை எவ்வாறு மாற்றுகிறது?

புற்றுநோய் விகிதம் என்பது ஒரு பின்னம். அதன் தொகுதியில் நோயுற்றோர் எண்ணிக்கையும், பகுதியில் அக்குழுவின் மொத்த மக்கள்தொகையும் இருக்கும். நோயுற்றோர் எண்ணிக்கை மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து வருகிறது. மக்கள்தொகை எண்ணிக்கை, மக்கள் தாமே பதில் அளிக்கும் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. ஒரே மனிதர் கணக்கெடுப்பில் ஒரு குழுவிலும் மருத்துவமனையில் மற்றொரு குழுவிலும் பதிவானால் பின்னம் பிழையாகிவிடும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு மாவட்டத்தில் 1 இலட்சம் ஹிஸ்பானிக் மக்களும் 4 இலட்சம் பிறரும் வாழ்கின்றனர் எனக் கொள்வோம். ஓர் ஆண்டில் ஹிஸ்பானிக் மக்களுள் 200 பேருக்கும் பிறருள் 800 பேருக்கும் ஒரு குறிப்பிட்ட புற்றுநோய் வருகிறது. இரு குழுக்களிலும் உண்மையான விகிதம் இலட்சத்துக்கு 200 ஆகும்.

இப்போது, ஹிஸ்பானிக் நோயாளிகளுள் 40 பேர் "ஹிஸ்பானிக் அல்ல" எனத் தவறாகப் பதிவாகின்றனர் எனக் கொள்வோம். கணக்கில் ஹிஸ்பானிக் மக்களின் விகிதம் இலட்சத்துக்கு 160 எனக் குறையும். பிறரின் விகிதம் 210 என உயரும். உண்மையில் இல்லாத வேறுபாடு ஒன்று அறிக்கையில் தோன்றிவிடும். அந்த அறிக்கையைப் படிக்கும் சுகாதாரத் துறை, ஹிஸ்பானிக் மக்கள் வாழும் பகுதியில் பரிசோதனை முகாமுக்கு அவசரமில்லை என முடிவு செய்யக்கூடும். சிறிய மக்கள் குழுவில் சில பத்துப் பேரின் பதிவு தவறினாலும் விளைவு பெரிதாக இருக்கும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

சரியான தரவுகளால் தெரியவந்தவை

இனக்குழுவைக் குறித்து வைத்ததால் பல உண்மைகள் வெளிப்பட்டுள்ளன. மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள், அமெரிக்காவில் ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையரைக் காட்டிலும் ஹிஸ்பானிக் மக்களிடையே குறைவாகக் காணப்படுகின்றன. ஆனால் இரைப்பை, கல்லீரல், கருப்பை வாய் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் அவர்களிடையே அதிகம். குழந்தைகளுக்கு வரும் கடுமையான நிணநீர் அணு இரத்தப் புற்றுநோயும் ஹிஸ்பானிக் குழந்தைகளிடையே மிகுதியாக உள்ளது.

இரைப்பை, கல்லீரல், கருப்பை வாய் ஆகிய மூன்றிலும் தோன்றும் புற்றுநோய்களுள் பெரும்பகுதி நோய்த்தொற்றுகளோடு தொடர்புடையது. இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரியும், கல்லீரலில் ஹெபடைடிஸ் பி, சி வைரசுகளும், கருப்பை வாயில் எச்.பி.வி. வைரசும் காரணமாகின்றன. இவற்றுள் சிலவற்றைத் தடுப்பூசியாலும் சிலவற்றை மருந்தாலும் தடுக்கவோ குணப்படுத்தவோ இயலும். எந்த மக்களுக்கு எந்த நோய் மிகுதி எனத் தெரிந்தால் மட்டுமே, தடுப்பூசி, பரிசோதனை, அவர்கள் மொழியில் விளக்கம் ஆகியவற்றை உரிய இடத்துக்குக் கொண்டு செல்ல முடியும்.

தகவல் விடுபடுவதன் விளைவை 2020ஆம் ஆண்டு கோவிட் பெருந்தொற்றும் காட்டியது. தொடக்க மாதங்களில் வந்த நோய் அறிக்கைகளுள் பெரும்பகுதியில் இனமும் இனக்குழுவும் குறிக்கப்படவில்லை. எந்த மக்கள் அதிகம் பாதிக்கப்படுகின்றனர் என்பதை அறிவது இதனால் கடினமாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம், பரிசோதனை முடிவுகளோடு இவ்விவரங்களையும் அனுப்புமாறு அமெரிக்கச் சுகாதாரத் துறை ஆய்வகங்களுக்கு அறிவுறுத்தியது.

ஒரு சொல்லுக்குள் பல மக்கள்

"ஹிஸ்பானிக்" என்ற ஒரே தலைப்பின் கீழ் வேறுபட்ட மக்கள் பலர் அடங்குகின்றனர். இதற்கு ஆஸ்துமா நோய் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் புவேர்ட்டோ ரிக்கோ வழிவந்தோரிடையே ஆஸ்துமா மிக அதிகமாகவும், மெக்சிகோ வழிவந்தோரிடையே ஒப்பீட்டளவில் குறைவாகவும் உள்ளது. இருவரையும் சேர்த்துச் சராசரி கண்டால் அந்த எண் எவருடைய நிலையையும் உணர்த்தாது.

படிவத்தில் இடம் இருக்குமாயின், "ஹிஸ்பானிக்" என்பதோடு நிறுத்தாமல் "மெக்சிகன்", "கியூபன்", "குவாத்தமாலா நாட்டுப் பூர்வீகம்" என விரித்துக் குறிப்பது பயன் தரும். பெற்றோர் இருவரும் வெவ்வேறு நாட்டினராயின் இரண்டையும் எழுதலாம்.

இறப்புச் சான்றிதழில் கவனிக்க வேண்டியது

அமெரிக்காவின் பொது இறப்புச் சான்றிதழ்ப் படிவத்தில் ஹிஸ்பானிக் பூர்வீகம் பற்றிய கேள்வி 1989இல் சேர்க்கப்பட்டது. இதற்கான பதிலை, இறுதிச் சடங்கு நிறுவனத்தார் குடும்பத்தினரைக் கேட்டு எழுத வேண்டும். துயரத்தில் இருப்பவர்களைக் கேட்கத் தயங்கி, அவர்களே ஊகித்து எழுதிவிடுவதும் உண்டு. 2016இல் வெளியான அரசு ஆய்வு ஒன்று, ஹிஸ்பானிக் மக்களின் இறப்புகள் சான்றிதழ்களில் சுமார் 3 விழுக்காடு குறைவாகக் கணக்கிடப்படுவதாகக் கண்டது. அமெரிக்கப் பழங்குடியினரைப் பொறுத்தவரை இக்குறைபாடு சுமார் 40 விழுக்காடாக இருந்தது.

வருமானமும் காப்பீட்டு வசதியும் குறைவாக இருந்தும் ஹிஸ்பானிக் மக்களின் இறப்பு விகிதம் குறைவாகக் காணப்படுவதை ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக விவாதித்து வருகின்றனர். சான்றிதழ்களில் நேரும் பதிவுத் தவறு, நோயுற்ற பின் தாய்நாடு திரும்பி அங்கேயே இறப்போர் கணக்கில் விடுபடுவது ஆகியவை இதற்குக் காரணமாக இருக்கலாமா என்பது அவ்விவாதத்தின் ஒரு பகுதி. பதிவு சரியாக இருந்தால்தான் இத்தகைய ஐயங்களைத் தீர்க்க முடியும்.

இத்தகவல் எவ்வாறு பாதுகாக்கப்படுகிறது?

ஹிப்பா எனப்படும் 1996ஆம் ஆண்டின் சட்டம், நோயாளியின் மருத்துவத் தகவல்களைக் காக்கும் கடமையை மருத்துவமனைகளுக்கு விதிக்கிறது. அதே சட்டம், பொதுச் சுகாதாரப் பணிக்காக அதிகாரம் பெற்ற அமைப்புகளுக்கு நோயாளியின் தனி ஒப்புதல் இன்றியே தகவல் அளிக்க இடம் தருகிறது. மருத்துவமனை புற்றுநோய் விவரங்களை மாநிலப் பதிவகத்துக்கு அனுப்புவது இவ்விதியின்படியே. எனவே இதற்கென உங்களிடம் தனியே கையெழுத்துப் பெறப்படாமல் இருக்கலாம்.

மாநிலப் பதிவகத்தில் நோயாளியின் பெயர் இருக்கும். பதிவுகளை இணைப்பதற்கு அது தேவைப்படுகிறது. பொதுமக்களுக்கு வெளியிடப்படும் புள்ளிவிவரங்களில் பெயரோ முகவரியோ இடம்பெறுவதில்லை. மேலும், தேசிய அளவில் வெளியிடப்படும் அமெரிக்கப் புற்றுநோய்ப் புள்ளிவிவரங்களில், ஒரு பிரிவில் 16 பேருக்கும் குறைவாக இருந்தால் அந்த எண் மறைக்கப்படுகிறது. சிறிய ஊரில் ஒருவரை அடையாளம் காண இயலாதவாறு இந்த ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.

பதிவகத்தின் தரவுப் பட்டியலில் குடியுரிமைக்கோ விசா நிலைக்கோ இடமில்லை. பிறந்த நாடு குறிக்கப்படுகிறது. ஆனால் அது குடியேற்ற நிலையைக் குறிப்பதன்று. புளோரிடா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் மருத்துவமனைகள் குடியேற்ற நிலை பற்றித் தனியே ஒரு கேள்வி கேட்கும் நடைமுறை அண்மைக் காலத்தில் வந்துள்ளது. அது இனக்குழுக் கேள்வியிலிருந்து வேறானது. அக்கேள்விக்கு அளிக்கும் பதில் சிகிச்சையைப் பாதிக்காது என நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. எந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதில் ஐயம் இருந்தால், விளக்கம் கேட்ட பின் பதில் அளியுங்கள்.

நோயாளியும் பராமரிப்பாளரும் செய்யக்கூடியவை

• கட்டத்தை நீங்களே நிரப்புங்கள். ஊழியர் கேட்காமல் கடந்து சென்றால், "இனம், இனக்குழு விவரம் எவ்வாறு பதிவாகியுள்ளது?" எனக் கேளுங்கள்.

• பிறருக்காகப் படிவம் நிரப்பும்போது அவரையே கேளுங்கள். முதியவரோ நோயுற்றவரோ பதில் சொல்லும் நிலையில் இருந்தால், அவர் தம்மை எவ்வாறு குறிப்பிட விரும்புகிறார் என்பதே முடிவானது. பேச இயலாத நிலையில் இருப்பவருக்காக, அவரை நன்கு அறிந்த நெருங்கிய உறவினர் பதில் அளிக்கலாம். குழந்தைகளுக்காகப் பெற்றோர் பதில் அளிக்கலாம்.

• பெண் நோயாளியின் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் பிறந்த நாட்டையும் குறிப்பிடுங்கள். படிவத்தில் அதற்கு இடம் இருந்தால் விடாமல் எழுதுங்கள்.

• எல்லா மருத்துவமனைகளிலும் பெயரை ஒரே முறையில் எழுதுங்கள். எழுத்துக்கூட்டலும் பெயர்களின் வரிசையும் மாறாமல் இருந்தால் பதிவுகளைச் சரியாக இணைக்க முடியும்.

• மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கூட்டரசு நிதி பெறும் மருத்துவமனைகள், ஆங்கிலம் போதிய அளவு அறியாத நோயாளிகளுக்குக் கட்டணமின்றி மொழி உதவி அளிக்கக் கடமைப்பட்டவை. வீட்டுக் குழந்தையை மொழிபெயர்க்க வைக்க வேண்டியதில்லை.

• தவறைத் திருத்தக் கோருங்கள். உங்கள் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கவும், அதில் உள்ள தவறைத் திருத்தக் கோரவும் ஹிப்பா சட்டம் உரிமை தருகிறது. கோரிக்கையை எழுத்து வடிவில் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவிடம் கொடுங்கள். பொதுவாக 60 நாட்களுக்குள் அவர்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். கூடுதல் காலம் தேவைப்பட்டால் காரணத்தை எழுத்தில் அறிவித்து மேலும் 30 நாட்கள் எடுத்துக்கொள்ளலாம்.

• பதில் அளிக்க விரும்பவில்லையெனில் அதையே சொல்லுங்கள். "பதில் அளிக்க விரும்பவில்லை" என்ற கட்டம் இருந்தால் அதைக் குறியுங்கள். இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதை 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டம் தடை செய்கிறது.

மருத்துவமனையில் கேட்கத்தக்க கேள்விகள்

1. என் பதிவேட்டில் இனமும் இனக்குழுவும் இப்போது எவ்வாறு உள்ளன? அதை எழுதியவர் என்னைக் கேட்டு எழுதினாரா?

2. இத்தகவலை மருத்துவமனைக்குள் யார் பார்ப்பார்கள்?

3. மருத்துவமனைக்கு வெளியே எந்த அமைப்புக்கு, எந்தச் சட்டத்தின்படி இது அனுப்பப்படுகிறது?

4. தவறு இருந்தால் திருத்தக் கோரிக்கையை யாரிடம் கொடுக்க வேண்டும்?

5. திருத்தம் செய்யப்பட்டால் அது மாநிலப் பதிவகத்துக்கும் தெரிவிக்கப்படுமா?

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்களே. உங்கள் நோய் குறித்த ஐயங்களை உங்கள் மருத்துவரிடமும், பதிவு குறித்த ஐயங்களை மருத்துவமனையின் நோயாளி உதவிப் பிரிவிடமும், பதிவகத்தின் விதிகள் குறித்த ஐயங்களை நீங்கள் வாழும் மாநிலத்தின் சுகாதாரத் துறையிடமும் கேட்டு அறியலாம்.